வெங்கனா, கிரிண்டல்வால்டா? ஐகர் மலையடியில் தங்க ஊர் தேடுவோருக்கு ஒரு மதிப்புரை

மலைநடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சிகரத்தின் பெயரைக் கேட்டு இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தங்கும் ஊரை மட்டும் அறை வாடகையைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். சுவிட்சர்லாந்தின் பெர்னர் ஓபர்லாண்ட் பகுதிக்கு முதல் முறை போனபோது, வாடகை குறைவு என்று மலைகளுக்குக் கீழே இருக்கும் இன்டர்லாக்கன் நகரில் அறை எடுத்து, ஐந்து நாள் விடுமுறையில் கூட்டிப் பார்த்தால் ஒரு முழு நாளை ரயில் மேடைகளிலேயே கழித்திருந்தேன். அதற்குப் பின் இரண்டு கோடைகளில், ஐகர், மொன்ஹ், யுங்ஃப்ராவ் ஆகிய மூன்று சிகரங்களின் காலடியில் உள்ள வெங்கன், கிரிண்டல்வால்ட், லௌட்டர்புருன்னன், மியூரன் என்ற நான்கு ஊர்களிலும் மாறி மாறித் தங்கிப் பார்த்ததன் விளைவு இந்த மதிப்புரை.

நடைக்காரருக்கான ஊரிடம் நான் எதிர்பார்ப்பது அதிகமில்லை. காலணி நாடாவைக் கட்டி வாசலைத் தாண்டியதுமே பாதை தொடங்க வேண்டும். கால் ஓய்ந்த இடத்திலிருந்து ஊர் திரும்ப ஏதேனும் ஒரு வண்டி கிடைக்க வேண்டும். மழை நாளில் போய்வர ஓர் இடமும், மாலையில் பாலும் ரொட்டியும் வாங்க ஒரு கடையும் வேண்டும். இந்தக் கணக்கில் நான்கு ஊர்களில் வெங்கன் முன்னே நிற்கிறது. மற்ற மூன்றும் மோசம் என்று பொருளல்ல. ஒவ்வொன்றும் ஒரு வகைப் பயணிக்குப் பொருந்துகிறது, நடப்பதற்கென்றே வருபவருக்குச் சற்றுக் குறைவாகப் பொருந்துகிறது, அவ்வளவுதான்.

வெங்கன் 1,274 மீட்டர் உயரத்தில், லௌட்டர்புருன்னன் பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு திண்ணையைப் போல அமர்ந்திருக்கும் சிற்றூர். காரில் அங்கே போக முடியாது. 1893ஆம் ஆண்டு முதல் ஓடும் பற்சக்கர ரயில்தான் வழி. ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு அந்தப் பற்சக்கரத்தின் கடகட ஒலி புதிதாக இராது. நம் நீலகிரிப் பாதையின் பற்சட்ட அமைப்பு ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்ததுதான். வெங்கன் நிலையத்தில் இறங்கியதும் முதலில் உணர்வது அமைதியை. வண்டிச் சத்தமே இல்லாத தெருவில், விடுதிகளின் சிறிய மின்வண்டிகள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போகும். நிலையத்துக்கு அருகிலேயே கோப் என்ற பல்பொருள் கடை இருப்பதால், இரவு உணவை அறையிலேயே சமைத்துக்கொண்டோம். சுவிஸ் உணவகங்களின் விலைப் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது விளங்கும்.

ஊர் நடுவிலிருந்தே மென்லிஹன் முகட்டுக்கு ரோப் கார் ஏறுகிறது. ஏறக்குறைய 2,230 மீட்டர் உயரத்தில் இறங்கினால், அங்கிருந்து கிளைன ஷைடெக் கணவாய் வரை செல்லும் பாதை, நான் இதுவரை நடந்தவற்றுள் உழைப்புக்கு மிஞ்சிய பலன் தரும் பாதை. நான்கரை கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு, பெரும்பாலும் மெல்லிய இறக்கம். நடக்க நடக்க மூன்று சிகரங்களும் நேர் எதிரே வளர்ந்துகொண்டே வரும். பாதையின் குறுக்கே மாடுகளுக்காகக் கட்டிய மின்கம்பி வேலி வந்தால், சுருள்வில் பொருத்திய பிளாஸ்டிக் கைப்பிடியைக் கொக்கியிலிருந்து கழற்றி, அந்தப் பக்கம் போய், மறக்காமல் மீண்டும் மாட்டிவிட வேண்டும். முதல் முறை கைப்பிடியைத் தவிர்த்துக் கம்பியைத் தொட்ட என் துணைவியார் அதன் பிறகு எல்லா வேலிகளையும் என்னைத்தான் திறக்கச் சொன்னார். மரத்தடியைக் குடைந்து செய்த தொட்டிகளில் குழாய்த் தண்ணீர் விழுந்தபடியே இருக்கும்; குடிக்கத் தகாத நீர் என்ற அறிவிப்பு இல்லாத தொட்டிகளில் நாங்கள் தயங்காமல் பாட்டிலை நிரப்பிக்கொண்டோம்.

கிளைன ஷைடெக்கின் உயரம் 2,061 மீட்டர். கொடைக்கானலைவிடச் சற்றே தாழ்வு என்பதால், மூச்சுத் திணறல் பற்றிய அச்சம் வேண்டாம். ஆனால் கொடைக்கானலில் அதே உயரத்தில் சோலைக்காடு நிற்கிறது. இங்கோ மரங்கள் பின்தங்கிவிட, வெறும் புல்லும் பாறையும் பனியும்தான். அங்கிருந்து வெங்கனல்ப் வழியாக வெங்கனுக்கே நடந்து இறங்கலாம். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் இடையில் வரும் எந்த நிலையத்திலும் ரயிலைப் பிடிக்கலாம். வெங்கனல்ப்பில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில், எதிரே யுங்ஃப்ராவின் பனிமுகட்டிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து விழுவதைப் பார்த்தோம். கண்ணுக்கு வெண்பொடி உதிர்வது போலத் தெரிந்து, பல நொடிகள் கழித்துத்தான் அதன் இடியோசை எங்களை வந்தடைந்தது.

பாதைக் குறிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தில் 65,000 கிலோமீட்டருக்கும் அதிகமான நடைபாதைகள் ஒரே சீரான முறையில் குறியிடப்பட்டிருக்கின்றன. 1979இல் மக்கள் வாக்களித்து நடைபாதைகளை அரசமைப்புச் சட்டத்திலேயே சேர்த்த நாடு அது. வெறும் மஞ்சள் பலகை என்றால் யாரும் நடக்கலாம். வெள்ளை, சிவப்பு, வெள்ளைக் கோடுகள் இருந்தால் மலைப்பாதை, நல்ல காலணியும் தடுமாறாத காலும் தேவை. வெள்ளை, நீலம், வெள்ளை என்றால் கயிறும் அனுபவமும் உள்ளவர்களுக்கு மட்டும். பலகையில் தூரம் இராது, நேரம்தான் இருக்கும். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்ற கணக்கில் போட்ட நேரம் அது. உட்காரவும் படம் எடுக்கவும் அதில் இடமில்லை. ஒன்றரை மணி என்று போட்டிருந்த பாதையை நாங்கள் இரண்டேகால் மணியில் முடித்தோம். கடைசி ரோப் காரை நம்பி நடப்பவர்கள் இந்த விகிதத்தை முதல் நாளே கண்டுகொள்வது நல்லது.

இனி கிரிண்டல்வால்ட். பெரிய ஊர், கார் போகும், கடைகள் மிகுதி. ஐகரின் முகம் ஊருக்கு மேலேயே தொங்குகிறது. வெங்கனில் அது கிடைக்காது. அங்கே கண்ணுக்கு எதிரே நிற்பது யுங்ஃப்ராவ்தான். நீண்ட நடைக்குப் பழகியவர்களுக்குக் கிரிண்டல்வால்டின் பக்கமே பாதைகள் அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தனியார் கார்களை அனுமதிக்காத மலைச்சாலையில் பேருந்து பிடித்து குரோஸ ஷைடெக் போய், அங்கிருந்து ஃபிர்ஸ்ட் வரை மலைச்சரிவை ஒட்டி நடந்து, மேலும் ஒரு மணி நேரத்தில் பாக்கால்ப்சே ஏரியை அடைவது ஓர் அருமையான நாள். இன்னும் மேலே, 2,681 மீட்டர் உயர ஃபவுல்ஹார்ன் உச்சியில் 1830களிலிருந்து ஒரு விடுதி இருக்கிறது. ஐகர் பாதையும் இந்தப் பக்கத்தில்தான் இறங்குகிறது. 2020 டிசம்பரில் தொடங்கிய ஐகர் எக்ஸ்பிரஸ் ரோப் காரில் கால் மணி நேரத்தில் ஐகர்கிளெட்சர் நிலையத்தை அடைந்து, அங்கிருந்து வடக்கு முகத்தின் அடியை உரசியபடி அல்பிக்லென் வரை ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் இறங்கலாம். 1938 ஜூலையில்தான் மனிதர் முதன்முதலாக ஏறி முடித்த பாறைச் சுவர் அது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் அதன் உயரம் பிடிபடுவதில்லை. சரளைக் கற்கள் மேலிருந்து உருளும் ஓசை கேட்கும்போதுதான் உடம்பில் உறைக்கிறது.

குறை எங்கே என்றால், கூட்டத்தில். ஃபிர்ஸ்ட் நிலையத்தில் பாறை ஓரமாகக் கட்டிய இரும்பு நடைமேடைக்கும், கம்பியில் தொங்கிப் பறக்கும் விளையாட்டுக்கும் காலை பத்து மணிக்கே வரிசை நீண்டுவிடுகிறது. நாங்கள் தங்கிய விடுதியும் மனத்தைக் கசக்கவே செய்தது. ‘ஐகர் காட்சி’ என்று கூடுதல் தொகை வாங்கிய அறையின் பால்கனியிலிருந்து பார்த்தால், பக்கத்துக் கட்டுமானத்தின் கிரேன்தான் முழுதாகத் தெரிந்தது. ஐகர், அதன் கைக்குக் கீழே முக்கோணமாக ஒரு துண்டு. முறையிட்டபோது, மலை தெரிகிறதா இல்லையா என்று வரவேற்பாளர் திருப்பிக் கேட்டார். காட்சிக்கென்று பணம் கொடுப்பவர்கள் அறை எண்ணைக் குறிப்பிட்டு, அந்த ஆண்டு எடுத்த படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்பது நல்லது.

பள்ளத்தாக்கின் அடியில், 795 மீட்டரில் இருக்கும் லௌட்டர்புருன்னன் படங்களில் எல்லோரும் பார்த்த ஊர். 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டவ்பாக் அருவி, காற்றில் சிதறித் தூசாகிவிடுவதால், ‘தூசு ஓடை’ என்று பொருள்படும் அந்தப் பெயரைப் பெற்றது. வாடகை சற்றுக் குறைவு, எல்லாத் திசைக்கும் வண்டி உண்டு. ஆனால் இருபுறமும் செங்குத்துப் பாறை என்பதால் வெயில் தாமதமாக வந்து விரைவாகப் போய்விடுகிறது. நல்ல நடை எதுவானாலும் முதலில் ஒரு டிக்கெட் வாங்கி மேலே ஏற வேண்டியிருக்கிறது. பகல் நேரக் கூட்டம் தாங்காமல், 2024இல் காரில் வரும் பகல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கலாமா என்று ஊராட்சியே யோசித்தது. இந்த ஊரை நான் மழை நாளுக்கென்று ஒதுக்கி வைக்கிறேன். சமதரையில் முக்கால் மணி நடந்தால் ட்ருமெல்பாக். மூன்று சிகரங்களின் பனியாறுகளும் உருகி, மலையின் வயிற்றுக்குள் பத்து அருவிகளாகக் குடைந்துகொண்டு இறங்கும் இடம். உச்ச காலத்தில் நொடிக்கு 20,000 லிட்டர் வரை பாய்கிறது. உள்ளே பக்கத்தில் நிற்பவரின் காதில் கத்தினாலும் கேட்காது. மழைக்கோட்டைக் கழற்றாமலே போய்வரலாம்.

பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில், 1,638 மீட்டரில் உள்ள மியூரன் அழகில் வெங்கனையும் மிஞ்சும். காரில்லை, கூட்டமும் மாலையானால் இல்லை. குரூட்ஷால்ப்பிலிருந்து மியூரனுக்கு நடக்கும் பாதை முதியோருக்கும் ஏற்றது; கீழே கிம்மல்வால்டில் ஆளில்லாக் கடை ஒன்றில் பொருளை எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போட்டுவிட்டு வரலாம். ஆயினும் கிரிண்டல்வால்ட் பக்கத்துப் பாதைகளுக்குப் போக நினைத்தால், ஒவ்வொரு நாளும் பள்ளத்தாக்கில் இறங்கி மறுபுறம் ஏற வேண்டும். இரண்டு நாள் சும்மா இருக்க மியூரன். ஒரு வாரம் நடக்க அது வசதிப்படாது.

உணவு பற்றி ஒரு சொல். மரக்கறி உண்பவர்களுக்கு ரோஸ்டி என்ற உருளைக்கிழங்குத் துருவல் வறுவலும் பாலாடைக்கட்டியும் மூன்றாம் நாளே திகட்டிவிடும். 1980களில் இந்நாட்டுக்கு வந்த ஈழத்தமிழர் பலர் உணவக அடுக்களைகளில்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இன்றும் பல அடுக்களைகளில் தமிழ் கேட்கும். இன்டர்லாக்கனில் ஓர் எளிய உணவகத்தில் நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு உள்ளிருந்து எட்டிப் பார்த்த சமையற்காரர், “அண்ணை, உறைப்புக் காணுமோ?” (காரம் போதுமா?) என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு சிறு கிண்ணத்தில் சம்பல் கொண்டுவந்து வைத்தார்.

வெங்கனிலும் குறை உண்டு. ஊர் திரும்பும் ரயில் இரவில் அருகிவிடுவதால், கீழே விருந்துக்குப் போனால் கடிகாரத்தைப் பார்த்தபடியே சாப்பிட வேண்டும். கோடைப் பருவம் முடிந்து பனிச்சறுக்குப் பருவம் தொடங்கும் வரை பல விடுதிகள் அடைத்துக்கிடக்கும். நாங்கள் ஜூன் நடுவில் போயிருந்த ஆண்டில் மென்லிஹன் பாதை திறந்திருந்தது, ஃபவுல்ஹார்ன் பக்கம் பனி மூடி வழி அடைத்திருந்தது. ஜூலையில் உயரப் பாதைகள் திறந்தாலும், பிற்பகல் இடிமழைக்கு அஞ்சி விடியலிலேயே கிளம்ப வேண்டியதாயிற்று. செப்டம்பரில் வானம் பெரும்பாலும் தெளிவு, பள்ளிகளும் திறந்துவிடுவதால் ரோப் காரில் நிற்க இடம் கிடைக்கும் என்று விடுதிக்காரப் பெண்மணி சொன்னார். அடுத்த முறைக்கு அந்த மாதத்தின் முதல் இரு வாரங்களையே கேட்டு எழுதியிருக்கிறோம், அதே விடுதியில், யுங்ஃப்ராவைப் பார்த்த மூன்றாம் மாடி மூலை அறைக்கு.