'சில்க் சாட்டின்' என்று எழுதியிருந்தால் பட்டு என்று நம்பிவிடாதீர்கள்

என் மகளின் தோழிகள் ஆறு பேருக்குக் கையாலேயே ஹேர் கிளிப் செய்து கொடுக்க ஆசைப்பட்டேன். சதுரமாக வெட்டிய சின்னச் சின்னத் துணிகளை இடுக்கியால் மடித்து, இதழ் இதழாக ஒட்டிப் பூவாக்கும் ஜப்பானிய கன்சாஷி வேலை. அரிசிப் பசையில்தான் ஒட்டுவேன். அந்த நாட்டில் பழைய முறை அதுதான். பட்டு அந்தப் பசையை உறிஞ்சிக்கொண்டு நன்றாகப் பிடிக்கும்.

ஆன்லைனில் ஒருவர் 'சில்க் சாட்டின் சதுரங்கள், 4 செ.மீ., 200 துண்டு' என்று போட்டிருந்தார். படத்தில் பளபளவென்று அழகாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

வந்த பையில் 171 துண்டுதான் இருந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பாதிக்கு மேல் சதுரமே இல்லை, ஒரு பக்கம் 4, மறு பக்கம் 3.7. மூலைக்கு மூலை மடிக்கும்போது நுனி சேராமல் இதழ் கோணிக்கொள்ளும். நல்லதாகப் பொறுக்கி எடுத்து, நான்கு இரவு உட்கார்ந்து ஆறு பூ முடித்தேன். கொடுத்த மூன்றாம் நாளே ஒரு குழந்தையின் தலையில் இதழ்கள் விரிந்து உதிர ஆரம்பித்தன. அவள் அதைக் கையில் பொத்தி எடுத்துவந்து, "ஆன்ட்டி, நான் ஒன்றுமே பண்ணலை" என்றாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம்தான் மீதித் துணியில் நாலு நூலை உருவி, தண்ணீர்த் தட்டுக்கு மேல் பிடித்துக் கொளுத்திப் பார்த்தேன். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் நசுங்கிப் பொடியாகும். இதுவோ சுருங்கி உருகி, கெட்டியான மணியாக நின்றது. பாலியெஸ்டர்! தண்ணீரையே சரியாக உறிஞ்சாத துணியில் அரிசிப் பசை எப்படி நிற்கும்?

விற்றவரிடம் கேட்டால், "சாட்டின் என்றுதானே போட்டிருக்கிறோம்" என்கிறார். சாட்டின் என்பது நெசவின் பெயர், நூலின் பெயர் அல்ல. பட்டிலும் நெய்யலாம், பாலியெஸ்டரிலும் நெய்யலாம். அதை வைத்துக்கொண்டுதான் முன்னால் 'சில்க்' சேர்த்து விற்கிறார்கள். வெட்டி மடித்த துணியைத் திரும்ப எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் பதில் போடுவதையும் நிறுத்திவிட்டார்.

பாலியெஸ்டர் மோசமான துணி என்று நான் சொல்லவில்லை. சாட்டின் ரிப்பனில் பூ செய்கிறவர்களுக்கு அதுதான் வசதி; விளிம்பை மெழுகுவத்திச் சுடரில் லேசாகக் காட்டினால் நூல் பிரியாது, சூடான பசைக் குச்சியால் ஒட்டிவிடலாம். அதைச் சொல்லி விற்றிருந்தால் நானும் அப்படியே செய்திருப்பேன்.

வாங்கும் முன் எந்த நூல் என்று எழுத்தில் கேட்டு, பதிலை எடுத்து வையுங்கள். பை வந்ததும் எண்ணுங்கள், அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், ஒரே ஒரு துண்டை மட்டும் கொளுத்திப் பாருங்கள். அதுவரை மற்றவற்றில் கத்தரி வைக்க வேண்டாம். எனக்கு இன்னும் மூன்று கிளிப் மறுபடி செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது.