வழுக்கும் ஹேண்ட்போனுக்கு எந்த கேசிங்? பினாங்கு வெயிலில் வைத்து ஓர் அலசல்

போன மாதம் லெபோ பாசார் பக்கம் ஒரு கடையில் நாசி கண்டார் (சோறும் கறிக்குழம்பும்) சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு சரியாகத் துடைக்காமல் ஹேண்ட்போனை எடுத்தேன். வீட்டிலிருந்து அழைப்பு, அவசரம். சந்தையில் கெம்போங் மீன் கையிலிருந்து நழுவுமே, அதே மாதிரி நழுவி, சிமெண்டுத் தரையில் மூலை பட விழுந்தது. முன்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. பின்கண்ணாடியில் அந்த மூலையிலிருந்து கேமரா வரைக்கும் விரிசல் ஓடியிருந்தது. "கேசிங் போட்டுத்தானே இருந்துச்சு?" என்று வீட்டில் கேட்டார்கள். போட்டுத்தான் இருந்தது, அதுவும் நூறு ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து வாங்கிய, மெல்லிசான, தொட்டால் பட்டு மாதிரி இருக்கும் கேசிங். அந்தப் பட்டுதான் வினையாகிவிட்டது.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். நாம் கேசிங் வாங்கும்போது இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கையிலிருந்து நழுவாமல் இருப்பது ஒன்று, நழுவி விழுந்தாலும் உடையாமல் இருப்பது இன்னொன்று. பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவதெல்லாம் இரண்டாவதைப் பற்றித்தான். முதலாவதைப் பற்றி யாரும் எதுவும் எழுதுவதில்லை, நீங்களே கையில் பிடித்துப் பார்த்தால்தான் உண்டு.

'மிலிட்டரி கிரேட்' என்று ஒட்டியிருக்கிறார்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அது அமெரிக்க ராணுவத்தின் 'மில்-எஸ்டிடி-810' என்ற சோதனை முறை. சுமார் 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பக்கம், விளிம்பு, மூலை என்று மாற்றி மாற்றி 26 தடவை போடுவார்கள். 26 தடவையும் ஒரே போனைப் போட வேண்டும் என்றுகூட இல்லை, ஐந்து போன்கள் வரைக்கும் பிரித்துப் போடலாம். கீழே இருப்பதும் வெறும் சிமெண்டுத் தரை இல்லை, சிமெண்டின் மேல் விரித்த ஒட்டுப்பலகை. எந்த ராணுவமும் உங்கள் கேசிங்கைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தித் தருவதும் இல்லை, கம்பெனி தானே சோதித்துத் தானே சொல்லிக்கொள்வதுதான். பொய் என்று சொல்ல வரவில்லை, நல்ல கேசிங்குகளும் அதில் உண்டு. ஆனால் கையில் நிற்குமா என்ற கேள்விக்கு அந்த எழுத்தில் பதில் இல்லை.

இத்தனைக்கும் போன் ஏன் வழுக்குகிறது? முன்னும் கண்ணாடி, பின்னும் கண்ணாடி, எடையும் இருநூறு கிராமை ஒட்டி. 2012-இல் வந்த நெக்சஸ் 4 நினைவிருக்கிறதா? மேசையில் வைத்தால் தானாக நகர்ந்து நகர்ந்து கீழே விழும், கடைசியில் பின்பக்கம் இரண்டு சின்னக் குமிழ் வைத்து விற்றார்கள். இப்போது வரும் மங்கலான, மேட் கண்ணாடி இன்னும் மோசம், காய்ந்த விரல் அதில் பிடிப்பதே இல்லை. தோலில் லேசான ஈரம் இருந்தால் பிடி கூடும், அதிகமானால் வியர்வையும் எண்ணெயும் ஒரு படலமாக நடுவில் புகுந்து வழுக்கும். பகல் முழுவதும் குளுகுளு ஏர்கோன் அறையில் கை காய்ந்து கிடக்கிறது, வெளியே வந்த ஐந்தாவது நிமிடம் உள்ளங்கை நனைகிறது. நம் ஊரில் நாம் வாழ்வது இந்த இரண்டு ஓரத்தில்தான், நடுவில் இருக்கும் நல்ல நிலை நமக்குக் கிடைப்பதே இல்லை.

சரி, சரக்குக்கு வருவோம். சனிக்கிழமை ஒன்றை முழுதாகச் செலவழித்து, கொம்தாரை ஒட்டிய பிராங்கின் மாலில் ஏறி இறங்கி, ஏழெட்டு வகையைக் கையில் பிடித்துப் பார்த்தேன். சிலவற்றை முன்பே வாங்கி அனுபவித்தும் இருக்கிறேன்.

ஊரில் பாதிப் பேர் போட்டிருப்பது உள்ளே இருப்பது தெரியும் டிபியு கேசிங், அதாவது வளையும் மிருதுவான பிளாஸ்டிக், பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பத்து ரிங்கிட். புதிதில் நல்ல பிடி, லேசாக ஒட்டும் தன்மை இருக்கும். விழுந்தால் அதிர்ச்சியையும் ஓரளவு வாங்கிக்கொள்ளும், மூலையில் காற்றுப் பை வைத்தது என்றால் இன்னும் நல்லது. ஆனால் வெயிலும் சூடும் பட்டு மஞ்சளாகிவிடும். அது அழுக்கு இல்லை, பிளாஸ்டிக்கே மாறிப்போவது, சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சில கம்பெனிகள் மஞ்சள் தெரியாமல் இருக்க முதலிலேயே லேசாக நீலம் கலந்து விற்பதும் உண்டு. இன்னொன்று, உள்ளே ஒரு மணல் துகள் போனால் போதும், போனின் முதுகைக் கேசிங்கே ராவிவிடும். மாதம் ஒரு முறையாவது கழற்றித் துடைக்காதவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து ரிங்கிட்டுக்கு இதைவிட நியாயமான பொருள் இல்லை, வருடத்துக்கு ஒன்று மாற்றினால் ஆயிற்று.

சிலிக்கான்தான் பிடியில் ராஜா என்பார்கள். முதல் இரண்டு மாதம் உண்மை. ஈரக்கையோடு பிடித்தாலும் நிற்கும். ஆனால் ஜீன்ஸ் பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது பாக்கெட்டின் உள்துணியும் சேர்ந்து வெளியே வரும், மோட்டாரை ஓரமாக நிறுத்திவிட்டு அவசரமாக எடுப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. பஞ்சு, தூசி, முடி எல்லாம் அதில்தான் வந்து உட்காரும். என்னிடம் கறுப்பு சிலிக்கான் ஒன்று இருந்தது. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிய விரலோடு ஒரு படம் எடுத்தேன், கட்டைவிரல் ரேகை முதற்கொண்டு வெள்ளையாக அதில் பதிந்துவிட்டது, வீட்டுக்கு வந்து கழுவுகிற வரைக்கும் போகவில்லை. அது பரவாயில்லை, பக்தி என்று வைத்துக்கொள்ளலாம். மேலே இருக்கும் மிருதுவான பூச்சு தேய்ந்து, ஓரங்கள் பளபளவென்று ஆகும்போதுதான் பிரச்சினை. அதற்குப் பிறகு ஈரக்கையில் அது சோப்புக்கட்டி. பெரிய கம்பெனிகளின் அசல் சிலிக்கானுக்கு இருநூறு ரிங்கிட்டுக்கு மேல் கொடுப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

என்னை ஏமாற்றிய அந்தப் பட்டு வகை, அராமிட் நார் கேசிங். குண்டு துளைக்காத சட்டைகளில் வரும் நார் வகை, மில்லிமீட்டர் கணக்கில் மெல்லிசு, போட்டதே தெரியாது. அழகுக்கு நூற்றுக்கு நூறு, பிடிக்கு முப்பது. நார் வலுவானதுதான், ஆனால் மூலையும் ஓரமும் பாதி திறந்தே இருக்கும், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. முதுகில் ஒட்டும் வினைல் ஸ்கின்னும் இதற்குத் தம்பிதான். சொரசொரப்பானதாக வாங்கினால் பிடி நிச்சயம் கூடும், விழுந்தால் பாதுகாப்பு பூஜ்யம். போனைத் தவறவே விடாத மகான்கள் ஸ்கின் ஒட்டிக்கொள்ளலாம்.

தோல் கேசிங் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு ஒரே வார்த்தை: பூசணம். இரண்டு வாரம் அலமாரியில் போட்டு வையுங்கள், புரியும். ஆப்பிளே 2023-இல் தோலை விட்டுவிட்டு 'ஃபைன்வோவன்' என்று ஒரு துணி வகை கொண்டுவந்தது, அது கீறல் விழுகிறது, அழுக்காகிறது என்று எல்லோரும் திட்டி, அடுத்த வருடமே கேசிங்கில் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

அம்மாவிடம் இருப்பது புத்தகம் மாதிரி திறக்கும் ஃபிளிப் கேசிங். அதற்குள் ஐசி (அடையாள அட்டை), டச் அண்ட் கோ கார்டு, கிளினிக் கார்டு, மடித்த பத்து ரிங்கிட், ஒரு முருகன் படம். "இதை மாத்தும்மா, தொலஞ்சா எல்லாம் சேர்ந்து தொலையும்" என்றால், "நீ மூணு தடவை கீழ போட்டுட்ட, நான் ஒரு தடவையாச்சும் போட்டேனா?" என்கிறார். பதில் சொல்ல முடியவில்லை. மடிப்பும் ஓரமும் விரலுக்கு நன்றாகக் கிடைக்கின்றன, திரையும் மூடியே இருக்கிறது, இரண்டு கையாலும் பிடித்துத்தான் பேச முடியும், அதனாலேயே விழுவதில்லை. வயதானவர்களுக்கு இதை நான் இனிக் குறை சொல்ல மாட்டேன்.

இனி போனின் முதுகில் ஒட்டும் மோதிரம், குமிழ், காந்தம் இந்த மூன்றும். இவை கேசிங் இல்லை, பிடிமானம். குமிழ் வகையில் பெயர் பெற்றது பாப்சாக்கெட். கொலராடோவில் தத்துவப் பேராசிரியராக இருந்த டேவிட் பார்னெட், 2010-இல் இயர்போன் ஒயர் சிக்காமல் சுற்றி வைப்பதற்காகத் தன் போனின் முதுகில் இரண்டு சட்டைப் பொத்தானை ஒட்டியதிலிருந்து கிளம்பிய சரக்கு அது. ஒயரே இல்லாமல் போன காலத்திலும் நிற்கிறது என்றால், பிடிப்பதற்கு அத்தனை வசதி. இரண்டு விரலுக்கு நடுவே குமிழை மாட்டிவிட்டால் எண்ணெய்க் கை, வியர்வைக் கை எதுவும் கணக்கில்லை, ஏனென்றால் பிடி இப்போது உராய்வை நம்பி இல்லை, விரல் இடுக்கை நம்பி இருக்கிறது. இதுதான் இதன் பெரிய பலம், வேறு எந்த கேசிங்காலும் தர முடியாதது.

குறைகளும் உண்டு. சிலிக்கான் முதுகில் பசை ஒட்டாது, ஒட்டியது மாதிரி இருந்து நாலாம் நாள் கையோடு வந்துவிடும். காரில் கண்ணாடி ஓரம் வெயிலில் கிடந்தால் பசை இளகும். உலோக மோதிரம் வைத்த போனை ஒயர்லெஸ் சார்ஜரில் வைக்க முடியாது. இதற்கெல்லாம் தீர்வு என்று காந்த வகை வந்தது, 2020-இல் ஐபோன் 12-உடன் மேக்சேஃப் என்ற பெயரில். வேண்டும்போது ஒட்டி, வேண்டாதபோது எடுத்துவிடலாம். ஆனால் காந்தம் நேராக இழுத்தால்தான் பலம், பக்கவாட்டில் தள்ளினால் சறுக்கிக்கொண்டு கழன்றுவிடும், நாம் போனைப் பிடிப்பதோ முக்கால்வாசி நேரம் பக்கவாட்டில்தான். காந்தம் வைக்காத தடித்த கேசிங்கின் மேல் ஒட்டினால் சுத்தமாக நிற்காது. சாம்சங் எஸ்25 வரிசைக்குப் போனுக்குள் காந்த வளையம் இல்லை, கேசிங்கில் இருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். காந்தத்தை நம்பி ஃபெர்ரியில் கம்பி ஓரம் நின்று போனைக் கடல் பக்கம் நீட்டி செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

கடைசியாக, யாரும் பெரிதாகப் பேசாத இரண்டு. ஒன்று, பக்கவாட்டில் வரி வரியாகப் பள்ளம் வெட்டிய சொரசொரப்பான டிபியு கேசிங். தடிமனானது, கொஞ்சம் அசிங்கம், டார்ச்லைட் மாதிரி இருக்கும். கடைப் பெண் அதை என் கையில் வைத்து, "இனி தாக் லிச்சின், பாங்" என்றாள். மலாயில், இது வழுக்காதாம். எல்லா கேசிங்குக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள், எனவே நானே சோதித்தேன். தண்ணீர் பாட்டிலில் விரலை நனைத்துக்கொண்டு, முதுகைத் தொடாமல், இரண்டு ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கி மெதுவாக ஆட்டிப் பார்த்தேன். மற்றதெல்லாம் விரலுக்குள் இறங்கியது, இது இறங்கவில்லை. நாம் போனைப் பிடிப்பது ஓரத்தில், கடைக்காரர்கள் தடவிக் காட்டுவது முதுகை. அங்கேதான் ஏமாறுகிறோம்.

இரண்டாவது, மணிக்கட்டு வார். சார்ஜர் துளை வழியாக ஒரு மெல்லிய அட்டையை கேசிங்குக்கு உள்ளே கொடுத்து, அதில் கயிற்றை மாட்டிவிடுவது, ஐந்து ரிங்கிட். கழுத்தில் மாட்டும் நீளக் கயிறும் இருக்கிறது, பூங்காவுக்கும் கோயிலுக்கும் போகிறவர்களுக்கு நல்லது, பொட்டானிக்கல் கார்டன் குரங்குகளிடமிருந்தும் காப்பாற்றும். மோட்டார் ஓட்டும்போது மட்டும் அது வேண்டாம், எதிலாவது சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து.

மோட்டார் என்றதும் என் மச்சான் ஞாபகம். சாப்பாடு அனுப்பும் வேலை, நாள் முழுக்கப் போன் ஹேண்டில்பாரில். அவருக்குப் பிடி பிரச்சினையே இல்லை, சூடும் அதிர்வும்தான். தடித்த கேசிங் போட்டு, வெயிலில் மேப்பும் ஓடி, சார்ஜும் ஏறினால் போன் கொதித்துத் திரை மங்கிவிடும். ஆப்பிள் தன் போனுக்குச் சொல்லும் வெளி வெப்பம் 35 டிகிரி வரைதான், நம் மதியம் அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சக்தி வாய்ந்த மோட்டார் எஞ்சினின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்றும் 2021-இல் எச்சரித்தார்கள். அவருக்கு நான் சொன்னது மெல்லிய கேசிங், அதிர்வை உறிஞ்சும் ஸ்டாண்டு. என் கேசிங்கை அவருக்குச் சொல்ல மாட்டேன், அவருடையது எனக்கு ஆகாது.

நான் வாங்கியது அந்த டார்ச்லைட் கேசிங், இருபத்தைந்து ரிங்கிட், கூடவே ஐந்து ரிங்கிட் வார். வீட்டில், "இதென்ன டிராக்டர் டயர் மாதிரி?" என்றார்கள். நேற்று அதே கடையில், அதே மாதிரி பாதி துடைத்த கையோடு எடுத்தேன், நின்றது. பின்கண்ணாடியை இன்னும் மாற்றவில்லை, கேசிங் மூடியிருப்பதால் விரிசல் தெரிவதில்லை. ஆனால் விரிசல் விட்ட போனுக்குள் தண்ணீர் எளிதாக இறங்கும், மழை பிடிப்பதற்குள் மாற்றிவிட வேண்டும்.