எறும்புக் கூடு வாங்குவோர் கவனத்துக்கு: 4,850 ரூபாயும் போயிற்று, ராணியும் போயிற்று

நேற்றிரவு என் ராணி எறும்பு செத்துவிட்டது. வயிற்றெரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன்.

கடந்த ஐப்பசி மழையில், காட்பாடியில் எங்கள் வாசல் விளக்கடியில் இறகுதிர்த்து ஊர்ந்துகொண்டிருந்த கட்டெறும்பு ராணி அது. தண்ணீரும் பஞ்சும் அடைத்த சோதனைக் குழாயில் விட்டேன். இரை ஏதுமின்றித் தன் உடற்சேமிப்பைக் கொண்டே முதல் குஞ்சுகளை வளர்த்தெடுத்தது. சித்திரையில் வேலைக்கார எறும்புகள் 11 இருந்தன.

அப்போதுதான், எறும்பு வளர்க்கும் செயற்கைக் கூடு வாங்க, வளர்ப்புப் பிராணிகளுக்கான பொருள்களை விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் என் கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கி, எறும்புகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "சின்னது வாங்கினா மூணு மாசத்துல மறுபடியும் செலவு சார். பன்னிரண்டு அறை வச்சதை எடுத்துக்குங்க, எங்க வீட்லயும் அதுதான்" என்றார். இவ்வளவு பொறுமையாக எண்ணுகிறவருக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று நம்பி 4,850 ரூபாயை எண்ணி வைத்தேன்.

11 எறும்புகளுக்குப் பன்னிரண்டு அறை! ஆளில்லாத பின்னறைகளைக் குப்பைமேடாக்கி, தின்று மிஞ்சிய கரப்பான் கால்களை அங்கே கொண்டுபோய்ப் போட்டன. நான்காம் நாள் அதில் வெள்ளைப் பூசணம் படர்ந்தது. வேலூர் வெயிலில் அத்தனை பெரிய அக்ரிலிக் கூட்டின் ஈரத்தைக் காக்கவும் முடியவில்லை. எறும்பின் இளம்புழுக்கள் சுருங்கின, ராணி ஓரிடத்தில் தங்காமல் அறை அறையாக அலைந்தது.

கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். பார்த்ததற்கு நீலக்குறி விழுந்தது, பதில் வரவில்லை. நேரில் போனபோது "பயன்படுத்தின பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார். மறுமுறை, "எறும்புக்கெல்லாம் யார் சார் கேரண்டி தர்றது?" என்று கேட்டுவிட்டு வேறொருவருக்கு மீன் தொட்டி காட்டப் போய்விட்டார். நான் கேட்டது எறும்புக்குக் கேரண்டியல்ல. தவறான அளவைச் சொல்லி வாங்கிய 4,850 ரூபாயை.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், மனம் ஓடவில்லை, இவற்றையாவது கேளுங்கள். 25, 30 எறும்புகள் சேரும்வரை சோதனைக் குழாயை விட்டு மாற்றாதீர்கள். மாற்றும்போதும், கூட்டம் தரையில் பாதிக்கு மேல் நிறைத்துக்கொள்ளும் அளவுள்ள கூட்டையே வாங்குங்கள். பெரியதுதான் கிடைக்கிறதென்றால், அறைகளை அடைத்து வைக்கத் தடுப்பு உண்டா என்று கேளுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். எனக்குக் கிடைத்தது 4,850 என்று எழுதிய துண்டுச்சீட்டு மட்டுமே; அதை வைத்துக்கொண்டுதான் நாளைக் காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கப் போகிறேன்.