12 லட்சம் மாட்டிக்கொண்டது: 'பென்ஷன் பிளான்' என்று வந்தால் உஷார்

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் ரிட்டயர் ஆனவர்கள் அவசியம் படியுங்கள். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததில் 12 லட்சத்தை, ஆப் வழியாக முதலீடு வாங்கும் ஒரு நிறுவனத்தின் 'பென்ஷன் பிளான்' ஒன்றில் போட்டேன். கொண்டுவந்தவன் என்னிடம் பத்தாம் வகுப்புக் கணக்குப் படித்தவன். வந்ததும் காலில் விழுந்தான். திண்ணையில் உட்கார்ந்து லேப்டாப்பில் பெரிய குடோன் படம் ஒன்றைக் காட்டினான். "ஷேர் மார்க்கெட் மாதிரி ஏறி இறங்காது சார். குடோன் வாடகை, கம்பெனிக் கடன், எல்லாம் ஆல்டர்நேட்டிவ் அசெட், அதாவது ஷேர், டெபாசிட் இல்லாத மாற்று முதலீடு. மாசம் ஒரு சதவீதம் வந்துடும். எங்க அம்மா பணமும் இதுலதான் இருக்கு." அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். போன வாரம் அந்த அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டேன். அவருக்கு அந்தத் திட்டத்தின் பேரே தெரியவில்லை!

கொஞ்ச மாதம் 12,000 ஒழுங்காக வந்தது. அப்புறம் நின்றது. குறுவைக்கு முன்னால் போர் மோட்டாரை மாற்ற 2 லட்சம் கேட்டால், லாக்-இன், அதாவது பணத்தை எடுக்க முடியாத காலம், 7 வருஷமாம். "மார்ச் குளோசிங் முடியட்டும் சார்" என்றான் பையன். இப்போது போனையே எடுப்பதில்லை. கஸ்டமர் கேர் பெண்ணோ, "உங்க மதிப்பு 13,40,000 ஆகியிருக்கு சார், வாழ்த்துகள்" என்கிறாள். ஏறிய காசில் ஒரு பைசா எடுக்க முடியாது. அந்தச் சொத்துக்குச் சந்தையில் விலை சொல்ல ஆளில்லை, மதிப்பை அவர்களே எழுதிக்கொள்கிறார்கள். பிறகு எப்படி இறங்கும்?

தெரிந்த ஆடிட்டர் பேப்பரைப் புரட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவான ஏஐஎஃப் (மாற்று முதலீட்டு ஃபண்ட்) என்றால் நம் போன்றவர்களிடம் குறைந்தது 1 கோடி வாங்க வேண்டுமாம். "நீங்க கொடுத்தது ஃபண்டுக்கு இல்லை சார், ஒரு தனியார் கம்பெனிக்குக் கைமாத்து" என்றார். அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்ஸில் எதில் எவ்வளவு என்று நாமே பிரித்துப் போடும்போதுகூட இந்த மாற்று முதலீட்டு வகைக்கு 5 சதவீதம்தான் உச்சவரம்பாக வைத்திருந்தார்கள். என் 12 லட்சம் மொத்தமும் அதில்.

விவரமாக ஆலோசனை எழுத நினைத்தேன், தஞ்சாவூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பதிவு எண்ணை செபி தளத்தில் நீங்களே தேடுங்கள். லாக்-இன் எத்தனை வருஷம், நடுவில் யார் திருப்பி வாங்குவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தபால் ஆபீசிலேயே மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். இதே பிளானில் மாட்டியவர்கள் ரசீது, ஒப்பந்த நகலோடு சொல்லுங்கள், பொருளாதாரக் குற்றப்பிரிவில் சேர்ந்தே மனு கொடுப்போம்.