“அசோசியேஷன் பாத்துக்கும்” என்று சொல்லும் ஓனரிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்

சென்னையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் ஃபிளாட்டை வாடகைக்குப் பார்ப்பவர்களுக்காக இந்தப் பதிவு. ஐப்பசி மழை பிடித்ததும் படுக்கையறைக் கூரையில் ஈரம் படரும். ஓனரைக் கேட்டால் “மொட்டை மாடி அசோசியேஷன் சமாச்சாரம்” என்பார். ஃபிளாட் ஓனர்கள் சேர்ந்து நடத்தும் அந்த அசோசியேஷனைக் கேட்டால் “ஓனர் எழுதித் தரட்டும்” என்பார்கள். கார்த்திகையில் ஸ்விட்ச் போர்டுக்குள் தண்ணீர் இறங்கி, ட்ரிப்பர் அடிக்கடி விழுந்து கரன்ட் போய்க்கொண்டே இருக்கும். “காலி பண்றோம்” என்றதும் அக்ரிமென்ட் வெளியே வரும்: பதினோரு மாதத்துக்குள் போனால் இரண்டு மாத வாடகை பிடித்தம், பெயின்டிங்குக்கு ஒரு மாதம். உங்கள் பத்து மாத அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறது. பேரம் எப்படி முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

வீடு பார்க்கும்போதே டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். ஹாலுக்குப் பட்டி பார்த்து எமல்ஷன் அடிப்பவர்கள் லாஃப்டின் உள்பக்கத்தைத் தொடமாட்டார்கள். பழுப்பு வளையமும் வெள்ளையாகப் பூத்த உப்பும் அங்கே அப்படியே இருக்கும். துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் அங்கே பூச்சு கழன்றிருக்கிறது. பிறகு மொட்டை மாடிக்கு ஏறி, தட்டோடுகளின் இடுக்கில் சிமென்ட் பெயர்ந்திருக்கிறதா, மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் வரும் ஈரம் பெரும்பாலும் தளத்தின் கோளாறு. சித்திரையிலும் காயாவிட்டால் மேலே உள்ள டேங்க்கையோ குழாயையோ சந்தேகப்படுங்கள்.

இனி சட்டம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டுமானப் பழுது, குழாய் மாற்றுவது, வயரிங், வெள்ளையடிப்பது எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கெட், கீசர், கண்ணாடி, பூட்டு மாதிரியானவை உங்கள் பொறுப்பு. அசோசியேஷனோடு ஓனருக்கு இருக்கும் தகராறு அவர் பாடு. உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது ஊர் வழக்கம், அவ்வளவுதான். ஆனால் அக்ரிமென்ட்டில் அதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வாதாடுவது கஷ்டம். அட்வான்ஸ் கதையும் அதேதான். மூன்று மாத வாடகைதான் உச்சவரம்பு, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம் என்று சட்டமே வழிவிடுகிறது. பத்து மாதத்துக்கு ஒப்புக்கொண்டவரை அந்த வரம்பு காப்பாற்றாது.

பழுது வந்தால் போனில் சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். தேதி தெரியும் போட்டோக்களோடு வாட்ஸ்அப், மின்னஞ்சல், கூடவே ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட். அதற்கும் அவர் அசையாவிட்டால் நீங்களே ஆள் வைத்துச் சரிசெய்து வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கூடாது. பில் இல்லாத கொத்தனார் கூலியைக் கழித்தால் தகராறுதான் மிஞ்சும்.

சரிசெய்யாமல் வீட்டில் குடியிருக்கவே முடியாது என்ற நிலை வந்தும் ஓனர் மறுத்தால், 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்து வெளியேறும் உரிமை உண்டு. வெறும் ஈரத் திட்டு இதற்குப் போதாது. சுவரில் ஷாக் அடிக்கிறது, பூச்சு பெயர்ந்து விழுகிறது என்பதற்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனோ சிவில் இன்ஜினீயரோ எழுதிக் கொடுத்த தாள் கையில் இருக்க வேண்டும்.

பலர் கோட்டை விடும் இடம் வேறு. “அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு வாடகையை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மாத பாக்கி சேர்ந்தால் உங்களை வெளியேற்றுவதற்கு அதுவே காரணமாகிவிடும். கடைசி மாதம் வரை வங்கி வழியாகவே கட்டுங்கள். கோபத்தில் ஓனர் தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்தினால் அது சட்ட விரோதம். இந்தச் சட்டத்தின்படி வாடகைப் புகார்களைக் கேட்கும் அரசு அதிகாரியான ரென்ட் அத்தாரிட்டியிடம் உடனே மனு கொடுக்கலாம்.

அங்கே போகும்போது அக்ரிமென்ட் பதிவாகியிருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி முத்திரை குத்தியது பதிவு ஆகாது. அரசு இணையதளத்தில் பதிந்து எண் வாங்கியிருக்க வேண்டும். பதியத் தயங்கும் ஓனருக்கு டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள், ஈபி மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுங்கள். சாவி பெற்றுக்கொண்டதாக இரண்டு வரி எழுதி ஓனரிடம் கையெழுத்து வாங்குங்கள். நியாயமான பாக்கியைக் கழித்து அட்வான்ஸைத் திருப்பித் தர அவருக்கு ஒரு மாதம்தான் கெடு, அது காலி செய்த நாளிலிருந்து ஓடும்.