அட்மொஸ் என்று காசு வாங்கி எம்பி3ஐ இழுத்து நீட்டித் தந்தார்கள்: யாழ்ப்பாணத்து இசைக்காரர் கவனம்

யாழ்ப்பாணத்தில் சொந்தமாகப் பாட்டுச் செய்து வெளியிடுகிற ஆட்கள் இதை ஒருக்கா முழுக்க வாசியுங்கோ, குறிப்பாக இப்போது யாராவது உங்களிடம் வந்து "முழு ஆல்பத்தையும் டொல்பி அட்மொஸில மிக்ஸ் பண்ணித் தாறம்" என்று கதைத்துக்கொண்டிருந்தால். அட்மொஸ் என்றால் சத்தத்தை முன்னுக்கும் பின்னுக்கும் தலைக்கு மேலேயும் வைத்துக் கேட்கச் செய்கிற முறை. எங்களைப் பேய்க்காட்டிய ஸ்டூடியோவின் பெயரை இங்கே போடவில்லை, முறைப்பாடு போயிருக்கிறது, அது முடியட்டும். ஆனால் அந்தச் சுத்துமாத்தை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெறும் காதால் கேட்டால் கனபேருக்கு இது பிடிபடாது.

எங்களுடையது சின்னக் குழு. கிட்டார், வயலின், ஒரு பாடகி, ஒரு பாட்டுக்கு மட்டும் இணுவிலில் இருந்து நாதஸ்வரமும் இரண்டு தவிலும். அந்தப் பாட்டு முழுக்கத் திருவிழா நேரத்தில் வீதியோரம் நிற்கிற ஒருவருக்குக் கேட்கிற மாதிரிச் செய்தது: மேளம் தூரத்தில் தொடங்கி, கிட்ட வந்து, ஆளைக் கடந்து பின்பக்கமாகப் போகவேண்டும், போகும்போதே மற்றத் தவில் முதுகுப் பக்கம் இருந்து பதில் சொல்லவேண்டும். ஸ்டீரியோவில் இடமும் வலமும்தான் உண்டு, முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அதனால்தான் சுற்றிவரச் சத்தம் கேட்கிற சரவுண்டுக்குப் போனோம், ஷோ காட்ட இல்லை.

இன்னொரு காரணமும் இருந்தது, அதையே அவர்களும் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். அப்பிள் மியூசிக் 2021 ஜூனில் ஸ்பேஷல் ஓடியோ என்ற பெயரில் அட்மொஸ் பாட்டுகளைக் கொண்டுவந்தது, 2024 ஜனவரியில் இருந்து அந்த வடிவத்திலும் கிடைக்கிற பாட்டுகளுக்கு 10 சதவீதம் வரை கூடுதலான ரோயல்டி என்று அறிவித்தது. அந்த அறிவிப்பைக் காட்டிக்காட்டித்தான் இப்படியான வேலை விற்கப்படுகிறது. "போட்ட காசு தானா வந்திடும் தம்பி" என்றார் உரிமையாளர். எங்கள் பாட்டுகள் கேட்கப்படுகிற அளவுக்கு 10 சதவீதத்தில் ஒரு பிளேன்ரீ குடிக்கலாம், அது வேறு கதை.

சரி, நாங்கள் கொடுத்தது என்ன? ஒவ்வொரு வாத்தியத்தையும், ஒவ்வொரு மைக்கையும் தனித்தனி ட்ராக்காக, 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்புகளாக ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு, எது எங்கே இருந்து எங்கே போகவேண்டும் என்று படம் கீறிக் கையில் கொடுத்தோம். அதற்கு முதல், பாட்டு எப்படி இருக்கும் என்று விளங்குவதற்காக ஸ்டீரியோ மிக்ஸை வாட்ஸ்அப்பில் எம்பி3யாக அனுப்பியிருந்தோம். அரைவாசிக் காசு முற்பணம். அன்றைக்கு எங்களை உட்கார வைத்து ஒரு படத்தின் ட்ரெய்லரைப் போட்டுக் காட்டினார்கள், அறை அதிர்ந்தது. கூரையில் நாலு ஸ்பீக்கர் தொங்கியது, அவற்றில் சத்தம் வந்ததா என்று யாரும் ஏணி வைத்துப் பார்க்கவா போகிறார்கள்.

வந்த மிக்ஸை ஹெட்போனில் கேட்டால் முதலில் "ஆ, பெரிசாக இருக்கே" என்றுதான் தோன்றும். எல்லாவற்றிலும் எதிரொலி. பாடகி கேட்டுவிட்டு, "என்னைக் கிணத்துக்குள்ள இறக்கிவிட்டுப் பாட வைச்ச மாதிரி இருக்கு" என்றார். மேளம் அசையவே இல்லை, முன்னுக்கே நின்று அடித்தது. கேட்டதற்கு, "தம்பி, ஹெட்போனில கேட்டிட்டுச் சொல்லாதேங்கோ, 7.1.4 செட்டில 12 ஸ்பீக்கரில கேட்டாத்தான் விளங்கும்" என்று பதில் (சுற்றிவர 7, தாழ்ந்த சத்தத்துக்கு 1, கூரையில் 4). யாழ்ப்பாணத்தில் 12 ஸ்பீக்கர் யாருடைய வீட்டில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், அந்தத் துணிவில்தான் சொல்கிறார்.

பிறகு பாட்டுகளை அப்பிள் மியூசிக் போன்ற தளங்களுக்கு ஏற்றித் தருகிற எங்கள் விநியோகஸ்தர் கோப்பைத் திருப்பி அனுப்பினார்: சத்தம் மிகக் கூட. அட்மொஸ் பாட்டின் சராசரிச் சத்தம் -18 எல்கேஎஃப்எஸ்ஸைத் (சத்தத்தை அளக்கிற அலகு, பூச்சியத்துக்குக் கிட்ட வரவரச் சத்தம் கூட) தாண்டக்கூடாது, எங்களுடையது -9க்குப் பக்கத்தில் நின்றது. அது சாதாரண ஸ்டீரியோ மாஸ்டரில் வருகிற அளவு. அப்போதுதான் கோப்பைப் பிரித்துப் பார்த்தோம். இதற்குப் பெரிய சாமான் ஒன்றும் தேவையில்லை, இலவசமாகக் கிடைக்கிற ஓடாசிட்டி என்ற மென்பொருள் போதும், பல சானல் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகிற சத்தம் ஒரு சானல்) வேவ் கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு சானலும் தனி ட்ராக்காக வரும்.

முன் சானல்களை மூடிவிட்டுப் பின் சானல்களை மட்டும் கேட்டோம். பாடகியின் குரல் இல்லை, குரலின் எதிரொலி மட்டும் மிதக்கிறது. ஸ்டீரியோவில் நடுவில் நிற்கிற குரல் இடத்திலும் வலத்திலும் ஒரே மாதிரி இருக்கும், ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்தால் அது காணாமற் போய், இரண்டு பக்கமும் வேறுபடுகிற எதிரொலி மட்டும் மிஞ்சும். எங்கள் பழைய ஸ்டீரியோவை எடுத்து, வலது பக்கத்தை 'இன்வெர்ட்' பண்ணி (தலைகீழாகத் திருப்பி) இடதுடன் சேர்த்துப் பார்த்தோம், கழிப்பது என்பது இதுதான். அதேதான், கொஞ்சம் தாமதமாக்கிப் பின்னுக்கு வைத்திருக்கிறார்கள். மேல் சானல்களில் அதே சாமான் இன்னும் கொஞ்சம் செயற்கை எதிரொலியுடன். அட்மொஸில் 118 ஒப்ஜெக்ட் (எங்கே இருந்து எங்கே போகவேண்டும் என்று தனியாகக் குறித்த சத்தம்) வரை தனித்தனியாக நகர்த்தலாம், எங்கள் கோப்பில் ஒன்றுகூட இல்லை.

கொதி வந்தது அதற்குப் பிறகுதான். ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டுகிற படம்) பார்த்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டியதுபோல் கறுப்பு. 128 கேபிபிஎஸ் எம்பி3யில் வழக்கமாக அங்கேதான் வெட்டும். எங்கள் வேவ் ட்ராக்குகளில் சிம்பலும் தவிலின் வலந்தலையும் அதற்கு மேலேயும் போகின்றன. அதாவது ஹார்ட் டிஸ்கை அவர்கள் பாவிக்கவே இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்த எம்பி3ஐ ஒரு அப்மிக்ஸ் பிளகினுக்குள் (ஸ்டீரியோவைத் தானாகவே பல சானலாக விரிக்கிற மென்பொருள்) போட்டு எடுத்துத் தந்திருக்கிறார்கள்.

நியாயமாகச் சொல்லவேண்டும், அப்மிக்ஸ் என்பதே குற்றம் இல்லை. மூல ட்ராக் தொலைந்துபோன பழைய பதிவுகளுக்கு அதைவிட்டால் வழி இல்லை, டீசர் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர் போன்ற கருவிகளால் குரலையும் ட்ரம்ஸையும் பிரித்தெடுத்தும் செய்கிறார்கள். அதைச் சொல்லிச் செய்து, அதற்கேற்ற காசை வாங்கினால் யாரும் சண்டைக்குப் போகமாட்டார்கள். எங்கள் ட்ராக்குகள் அவர்களின் மேசை லாச்சிக்குள் கிடந்தன.

ஆதாரங்களை அனுப்பியதும் உரிமையாளர் முதலில் "எஞ்சினியர் புதுப் பெடியன், தெரியாமல் செய்திட்டான்" என்றார், பிறகு "மீதிக் காசைத் தந்தால் திருப்பிச் செய்து தாறம்" என்றார், பிறகு போனை எடுப்பதில்லை. முற்பணம் போனது போனதுதான் போலிருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதியிருக்கிறோம் (அவர்களின் இலக்கம் 1977), மத்தியஸ்த சபைக்கும் போகப்போகிறோம்.

உங்களில் யாராவது இந்த வேலை கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ட்ரெய்லரைப் பார்த்து மயங்காமல், அவர்கள் முன்பு செய்த ஒரு பாட்டின் பின் சானல்களை மட்டும் போட்டுக் காட்டச் சொல்லுங்கோ. பாட்டு எப்படி என்று விளங்கக் கொடுக்கிற ரெஃபரன்ஸ் மிக்ஸை முழுப் பாட்டாகக் கொடுக்காமல் ஒரு நிமிடத் துண்டாகக் கொடுங்கோ, அதை வைத்து ஒருவரும் முழு ஆல்பம் செய்ய ஏலாது. முதலில் ஒரே ஒரு பாட்டு, அதன் ADM கோப்பு (அட்மொஸ் மாஸ்டர் கோப்பு) கைக்கு வந்து நீங்களே திறந்து பார்த்த பிறகு மற்றப் பாட்டுகளுக்குக் காசு, இதை எழுத்தில் வாங்குங்கோ. எழுதித் தர மாட்டோம் என்றால் எழும்பி வாங்கோ.

எங்கள் ஹார்ட் டிஸ்க் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. கொக்குவில் பக்கம் அண்மையில் இதே மாதிரி அட்மொஸ் வேலைக்கு டிஸ்க் கொடுத்தவர்கள் இருந்தால் முதலில் அதைத் திருப்பி வாங்குங்கோ, பிறகு எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கோ. ஸ்பெக்ட்ரோகிராம் படங்களும், கழித்துப் பார்த்த ஓடியோவும் அனுப்புகிறேன், உங்கள் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முறைப்பாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்கள் கையெழுத்து வைத்தால் எங்களுக்கும் உதவி.