டீச்சர் வீட்டு மாடி: சேரன்மகாதேவியில் ஒரு மாலை வகுப்பும் மே மாத முகாமும்

போர்டு எதுவும் கிடையாது. சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வாய்க்கால் பக்கம் வந்து "டீச்சர் வீட்டு மாடி எது?" என்று கேட்டால் கை காட்டுவார்கள். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரும் டிகிரி முடித்த இரண்டு பெண்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. திங்கள் முதல் வெள்ளி வரை சாயங்காலம் ஐந்தரைக்கு ஆரம்பித்து ஏழு மணிக்கு விட்டுவிடுவார்கள். மாதம் 400 ரூபாய். மே மாதம் 15 நாள் முகாம், அதற்குத் தனியாக 1,200. என் மகள் இரண்டு வருஷம் போய்விட்டாள், இரண்டு முகாமும் பார்த்துவிட்டாள். பிள்ளையைச் சேர்க்கலாமா என்று என்னிடம் துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

அவள் ஒன்றாம் வகுப்பில் காலடி வைத்திருக்க வேண்டியது 2020 ஜூனில். கொரோனா. கல்வித் தொலைக்காட்சியும் என் போனும்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம். 2021 நவம்பர் 1ஆம் தேதி சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தபோது நேராக இரண்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் இல்லம் தேடிக் கல்வி வந்தது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி தன்னார்வலராகச் சேர்ந்து, அவர்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அந்தத் திண்ணைதான் என் மகளுக்கு எழுத்துகளைத் தந்தது. அந்தப் பெண் கல்யாணமாகித் தென்காசி போன பிறகு வேறு டியூஷன் தேடினோம்.

கிடைத்த டியூஷனில் நாற்பது பிள்ளைகள். மறுநாள் வீட்டுப்பாடத்தைப் போர்டில் எழுதிப் போடுவார்கள், பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டு வருவார்கள். கேள்வி பதிலை மனப்பாடம் செய்து மூன்றாம் வகுப்பில் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்கினாள். நானும் சந்தோஷமாக இருந்தேன். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது வந்த பஸ்ஸைப் பார்த்து "அம்மா, முன்னீர்பள்ளம் பஸ்" என்றாள். போர்டில் இருந்தது முக்கூடல். இன்னொரு தடவை பாருட்டி என்றேன். மறுபடியும் முன்னீர்பள்ளம் என்றுதான் சொன்னாள். எனக்கு அடிவயிறு கலங்கிப்போயிற்று.

இங்கே சேர்க்கப் போன அன்று டீச்சர் மார்க் ஷீட்டை வாங்கிப் பார்க்கவே இல்லை. ஒரு கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அரைப் பக்கம் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "உங்க பிள்ள வாசிக்கல. மொத எழுத்தப் பாத்துட்டு மிச்சத்த நெனச்சு நெனச்சுச் சொல்லுதா. பயப்படாதிய, மூணு மாசம் குடுங்க." முக்கூடல் பஸ்ஸைப் பற்றி நான் அவரிடம் வாயே திறக்கவில்லை.

அவர் செய்தது ரொம்ப சாதாரண வேலை. தினமும் பத்து நிமிஷம் ஒரு பிள்ளை ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து விரல் வைக்க வேண்டும். மெய்யெழுத்து சேர்ந்து வரும் இடத்தில் நிறுத்தி, பிரித்துச் சொல்லி, மறுபடி சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்பார்கள். தப்பு வந்தால் சிரிக்கக்கூடாது என்பது அங்கே கண்டிப்பு. சனிக்கிழமை கிளை நூலகத்துக்குக் கூட்டிப்போய் உறுப்பினராக்கிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரத்தில் வீட்டுப்பாடத்துக்கு அரை மணிதான்.

மூன்று மாசம் என்றார், எங்களுக்கு ஐந்து மாசம் ஆயிற்று. ஐப்பசியில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. என் மாமியாருக்கு வாசிக்கத் தெரியாது. இவள் தானாகவே எடுத்து, முகூர்த்த நேரத்திலிருந்து கடைசி வரியில் இருக்கிற தாய்மாமன் பெயர் வரைக்கும் விரல் வைத்து வாசித்தாள். "இன்னொருக்கா வாசிட்டி" என்றார் ஆச்சி. வாசித்தாள். நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மே முகாமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோடை லீவில் பிள்ளைகள் படித்ததை மறப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான், அதிலும் கணக்கு முதலில் போகும். அதற்காக லீவிலும் பாடப்புத்தகத்தை விரித்தால் பிள்ளை வெறுத்துவிடும். இங்கே பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனார்கள். ஒருநாள் திருநெல்வேலி கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையம். 1987இலிருந்து ஆற்றங்கரையில் இருக்கிறது, நானே பள்ளியில் படிக்கும்போது போனதுதான். இன்னொரு நாள் பத்தமடை. கோரைப்பாய் நெய்கிற வீட்டில் பாவு நூலை ஒரு சாண் அகலத்துக்கு எண்ணச் சொல்லி, முழுப் பாய்க்கு எத்தனை இழை என்று பிள்ளைகளையே கணக்குப் போட வைத்தார்கள். ஆளுக்கு ஒரு விடை வந்தது. எல்லார் சாணும் ஒன்றா என்று டீச்சர் கேட்டதும் பிள்ளைகள் கையோடு கை வைத்து அளந்துபார்த்தார்கள்.

ஆனால் என் மனசில் நிற்பது வாய்க்கால் கணக்குத்தான். மே மாதம் கன்னடியன் வாய்க்கால் வறண்டு கிடந்தது. பிள்ளைகள் உள்ளே இறங்கி அகலமும் ஆழமும் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விட்ட பிறகு, முகாம் முடிந்திருந்தும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வரச் சொன்னார்கள். நானும் போனேன். கரையில் 10 மீட்டர் குறிக்க வேண்டும். என் தையல் டேப்பைத்தான் மகள் எடுத்து வந்திருந்தாள். அதில் நான் தினமும் பார்ப்பது 60 அங்குலப் பக்கம். அவள் திருப்பிப் போட்டு, "இந்தப் பக்கம் 150 சென்டிமீட்டர்மா. ஆறு தடவ வச்சா 900. இன்னும் 100 வேணும்" என்று கயிற்றில் முடிச்சுப் போட்டாள். பிறகு சிரட்டையை மிதக்கவிட்டு, டீச்சர் போனில் நேரம் பார்த்தார்கள். முதல் தடவை 22 விநாடி. அடுத்தது 19. மூன்றாவது தடவை கரையோரப் புல்லில் உரசிப் போனதால் 25. எது சரி என்று பிள்ளைகளுக்குள் ஒரே சண்டை. டீச்சர் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்கச் சொன்னார். 22. சராசரி என்ற வார்த்தையை என் மகள் அந்தப் படித்துறையில்தான் முதலில் கேட்டாள். இப்போது வாரக் கடைசியில் எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஜாக்கெட் விழுந்தது என்று அவள்தான் சொல்கிறாள்.

தண்ணீர்ப் பக்கம் கூட்டிப் போகிறார்களே என்று யோசிப்பவர்களுக்கு: ஒரு பிள்ளையையும் தண்ணீரில் இறங்க விடவில்லை. பெரியவர்கள் ஆறு பேர் இருந்தோம்.

குறைகளும் உண்டு. மாடி தகரக் கூரை, இரண்டு ஃபேன்தான். முதல் வருஷ முகாமை அக்கினி நட்சத்திரத்தில் பத்து மணிக்கு வைத்தார்கள், இரண்டு பிள்ளைகளுக்குத் தலைவலி வந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நாங்கள் நாலைந்து அம்மாமார் போய்ச் சொன்னதும் மறுவாரமே காலை ஏழரைக்கு மாற்றினார்கள். இந்த முறை ஆரம்பத்திலிருந்தே ஏழரை. கழிப்பறை கீழே வீட்டுக்குள் இருப்பதால் சின்னப் பெண்பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், இது இன்னும் சரியாகவில்லை. இங்கிலீஷுக்கு வாரத்தில் ஒரே நாள், அது பத்தாது. டெஸ்ட் வைத்து மார்க் போட்டுக் கொடுக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் ஆறு மாசம் வரைக்கும் இதைச் சொல்லி முனகிக்கொண்டே இருந்தார். பள்ளி மார்க்கைக் கேட்டால், நாலாம் வகுப்பு முதல் பருவத்தில் குறைந்தது, மனப்பாடத்தை விட்டதால். பிறகு ஏறியது. அந்த நடுவில் பொறுமை இல்லாமல் மூன்று பேர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டு போனார்கள். எனக்கு இன்றும் அது வருத்தம்.

எட்டாம் வகுப்புக்கு மேல் எடுப்பதில்லை. மொத்தம் 24 பிள்ளைகள்தான், அதற்கு மேல் உட்கார இடமும் இல்லை. ஜூன் முதல் வாரம் சேர்க்கை. போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள், டீச்சர் முதலில் பிள்ளையிடம்தான் பேசுவார்.